கிளென் ஈடன் முதலில் வாக்களித்தது

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த அமெரிக்கப் பெண், ஒரு பெப்ரவரிப் புதன்கிழமை மதியம் தேநீர் அறையில் சிறிய வானொலிப் பெட்டி ஒன்றைக் காதோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வெளியே ஒக்லாந்துக் கோடை. மற்ற எல்லோரும் புல்வெளியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் என்னுடைய சோற்றையும் கத்தரிக்காய்க் கறியையும் சூடாக்க உள்ளே வந்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். எங்களைப் போன்றவர்களுக்கு, ஒருவர் அப்படி வானொலி கேட்டுக்கொண்டு நின்றால் ஊரில் எங்கோ குண்டு விழுந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

"ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டேன்.

"இல்லை, எங்கள் மாநிலத்தில் இன்றைக்கு வாக்களிப்பு. இப்போதுதான் எண்ணத் தொடங்குகிறார்கள்," என்றாள். அங்கே செவ்வாய் இரவு. எங்களுக்கு அது புதன் மதியம்.

"ஜனாதிபதித் தேர்தல் வருடக் கடைசியில் அல்லவா?"

"இது அந்தத் தேர்தல் இல்லை. அந்தத் தேர்தலில் கட்சி சார்பில் யார் நிற்பது என்று முடிவு செய்கிற தேர்தல்."

எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த தேர்தல்களில், யார் நிற்பது என்பதைக் கட்சிப் பெரியவர்கள் யாருடையதோ வீட்டு உள்ளறையில் முடிவு செய்வார்கள். பிறகு சுவரொட்டி வரும். அந்த முகத்துக்கு வாக்களிப்பதா, வீட்டில் இருப்பதா என்பதுதான் எங்களுக்கு மிச்சமிருந்த தெரிவு. நிற்கிறவரைத் தெரிவு செய்வதற்கே ஒரு வாக்கு உண்டு என்பது எனக்குப் புதிது. சோறு மைக்ரோவேவில் சூடாகி, திரும்ப ஆறியும் போனது. நான் அவளோடு நின்று வானொலியைக் கேட்டேன்.

அவள் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு சிறிய பட்டணத்துக்காரி. நியூசிலாந்துக்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து இங்கே வந்தவள். அவளுடைய வாக்கைத் தபாலில் அனுப்பிவிட்டிருந்தாள். அவளுடைய அப்பா அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். தேர்தல் வருடங்களில், பனி முழங்கால் வரை கிடக்கும் மாதத்தில், ஜனாதிபதியாக ஆசைப்படுகிறவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கடைக்குள் வந்து கை கொடுப்பார்களாம். சும்மா வந்து போனால் நன்றாக இராது என்று ஏதாவது வாங்குவார்களாம்.

"ஒருவர் பனி அள்ளுகிற மண்வெட்டி வாங்கினார். அவருடைய மாநிலத்தில் பனியே விழாது," என்றாள். "அப்பா விற்றுவிட்டார். ஆனால் அவருக்கு வாக்குப் போடவில்லை."

அடுத்த நாள் அவள் அமெரிக்க வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து தேநீர் அறைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். அதற்குப் பிறகு புதன்கிழமை மதியங்கள் எனக்கு ஒரு தொடர்கதை ஆகிவிட்டன. அந்த வருடம் ஒரு கட்சியில் ஏற்கெனவே ஜனாதிபதியாக இருந்தவரே திரும்ப நின்றார். போட்டி முழுக்க மற்றக் கட்சியில்தான். ஒவ்வொரு மாநிலமும் தன்னுடைய நாளில் வாக்களிக்கும். கிடைக்கிற வாக்குக்கு ஏற்றபடி ஒவ்வொருவருக்கும் பிரதிநிதிகள் சேர்வார்கள். சில மாநிலங்களில் முதலாவதாக வந்தவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார். அமெரிக்கக் கோடையில் கட்சியின் பெரிய மாநாட்டில் அந்தப் பிரதிநிதிகள் கூடி, பெரும்பான்மை உள்ளவரை வேட்பாளர் ஆக்குவார்கள். கணக்கு இவ்வளவுதான். ஆனால் கணக்கில் இல்லாத ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

"நாடு முழுக்க இன்னும் வாக்களிக்கவே இல்லை. இவர் ஏன் அதற்குள் விலகிவிட்டார்?" என்று கேட்டேன். முதல் இரண்டு மூன்று மாநிலங்கள்தான் முடிந்திருந்தன. அதற்குள் ஒருவர் மேடையில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"தோற்கிறவருக்கு யாரும் நன்கொடை கொடுக்க மாட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் அவருடைய பஸ்ஸிலிருந்து இறங்கி அடுத்தவருடைய பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பஸ் வெறுமையாக இருந்தால் அதை எவ்வளவு தூரம் ஓட்டுவது?"

"சரி, ஏன் உங்கள் மாநிலம் முதலில்? இவ்வளவு சின்ன மாநிலம்."

"யாராவது ஒருவர் முதலில் போகத்தானே வேண்டும்."

"அது ஏன் நீங்களாக இருக்க வேண்டும்?"

அவள் சிரித்தாள். "விட்டுக்கொடுக்க மாட்டோம். அதற்கு எங்களிடம் ஒரு சட்டமே இருக்கிறது. வேறு யாராவது முந்தினால் நாங்கள் இன்னும் முன்னே தள்ளி வைப்போம்."

அவர்களுடைய மாநிலத்தில் அந்த வருடம் முதலாவதாக வந்தவர் கடைசியில் வேட்பாளர் ஆகவில்லை. மார்ச்சில் தெற்கு மாநிலங்கள் வாக்களித்தபோது காற்று மாறிவிட்டது. கலிஃபோர்னியா பெரிய மாநிலம். முன்பெல்லாம் ஜூனில் வாக்களிக்கும், அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும் என்பதால் அந்த முறை மார்ச்சுக்கே நாளை முன்னால் கொண்டுவந்தார்கள். அப்படியும் பிந்திவிட்டார்கள். அவர்களுடைய முறை வந்தபோது போட்டியில் உண்மையாக ஒருவர்தான் மிச்சம். இத்தனை கோடி மக்கள் இருக்கிற மாநிலத்துக்கு, அவளுடைய அப்பாவின் கடைக்கு வந்து போகிறவர்களுக்கு இருந்த தெரிவுகூட இல்லை. இது நியாயமா என்று கேட்டேன். அவள் வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டியபடியே, "நியாயம் இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் வாக்களித்தால் யார் எங்கள் கடைக்கு வருவார்கள்?" என்றாள்.

அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீடு சான்ட்ரிங்ஹாமில் வாடகை வீடு. என் கணவர் வேலை முடிந்து வந்து கழுத்துப்பட்டியைத் தளர்த்துவதற்கு முன்னமே நான் கலிஃபோர்னியாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டேன்.

"எங்களுக்கு இஞ்சையே விளங்காத தேர்தல் ஒண்டு வருது. நீர் அமெரிக்காவுக்குப் போட்டீர்," என்றார் அவர். அந்த வருடம் நியூசிலாந்திலும் வாக்கு முறை மாறியிருந்தது. ஆளுக்கு இரண்டு வாக்கு, ஒன்று தொகுதிக்கு, ஒன்று கட்சிக்கு. ஆகவே எங்கே போனாலும் எந்த முறை நல்லது என்ற கதை இருந்தது. அந்தக் கதை இல்லாமலிருந்திருந்தால், பிறகு நடந்தது நடந்திருக்குமோ தெரியாது.

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் புதிய தலைவர் தேவைப்பட்டார். பழையவர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டார். வழக்கமாகச் சான்ட்ரிங்ஹாமில் ஒரு மண்டபத்தில் பொதுக்கூட்டம் வைத்து, வந்தவர்கள் கை உயர்த்தித் தலைவரைத் தெரிவு செய்வார்கள். வருகிறவர்கள் சான்ட்ரிங்ஹாம்காரரும் சுற்றியுள்ளவர்களும்தான். மேற்கே கிளென் ஈடனில் இருந்த குடும்பங்கள் முந்தின வருடம் தாங்கள் தனிச் சங்கம் தொடங்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். தெற்கே தகனினியில் புதுவீடு வாங்கிப் போன இளம் குடும்பங்கள் எதுவும் சொல்லவே இல்லை. அவர்கள் எங்களை மறந்துவிட்டார்கள் என்பதுதான் உண்மை.

நான் சங்கக் குழுவில் கலை நிகழ்ச்சிப் பொறுப்பு. கூட்டங்களில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அன்றைக்கு மட்டும் திறந்தேன்.

"ஆக்கள் கூட்டத்துக்கு வரேலாட்டி, கூட்டம் ஆக்களிட்டைப் போகட்டுமே. ஒரு கிழமை கிளென் ஈடனிலை, அடுத்த கிழமை இஞ்ச, பிறகு தகனினியிலை. நிக்கிற ஆக்கள் மூண்டு இடத்துக்கும் போய்க் கதைக்கட்டும். அந்தந்த இடத்திலேயே வாக்கு. கடைசியிலை எல்லாத்தையும் கூட்டுவம்."

குழுவில் மூத்தவர் ஒரு பல் வைத்தியர். ஒக்லாந்தில் அரைவாசித் தமிழரின் வாய்க்குள் அவர் பார்த்திருந்தார். தலைவர் பதவிக்கு அவர்தான் வருவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், அவரும் உட்பட.

"தங்கச்சி, இதென்ன அமெரிக்காவோ?" என்று சிரித்தார். ஆனால் கிளென் ஈடன் பிரிந்து போய்விடும் என்ற பயம் அவருக்கும் இருந்தது. "சரி, செய்து பாப்பம்," என்றார்.

யார் முதலில் என்பதற்குச் சண்டை வரவில்லை. கிளென் ஈடனில்தான் குடும்பங்கள் குறைவு. அதனால் அதை முதலில் முடித்துவிடலாம் என்று விட்டுவிட்டார்கள். முதலிடத்தின் விலை எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது. ஒரு விடயத்தில் மட்டும் வாக்குவாதம் வந்தது. ஒவ்வோர் இடத்து முடிவையும் அன்றன்றே சொல்வதா, கடைசி வரை மூடி வைப்பதா? மூடி வைத்தால் சந்தேகம் வரும் என்றார் பல் வைத்தியர். அன்றன்றே சொல்வது என்று முடிவானது.

மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் பல் வைத்தியர். இன்னொருவர், நான் சற்றும் எதிர்பாராத விதமாக, என் கணவர். அவர் யாரோடும் சண்டை பிடிக்காதவர் என்ற ஒரே காரணத்துக்காக நண்பர்கள் அவரைத் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது, தகனினியிலிருந்து ஒரு மலேசியத் தமிழ் அக்கா. சிறுவர் பள்ளியில் ஆசிரியை. அவரைக் குழுவில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. "பேர் குடுத்திருக்கிறா, இருக்கட்டும்," என்றார்கள்.

கிளென் ஈடன் கூட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம். மழை. ஒரு வீட்டின் வரவேற்பறையில் சோபாக்களை ஓரத்துக்குத் தள்ளி விரிப்பு விரித்திருந்தார்கள். வாசலில் சப்பாத்தும் செருப்பும் குவிந்து கிடந்தன. வடைத் தட்டு கைக்குக் கை போனது. மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. மூன்று வேட்பாளர்களும் மற்றவர்களோடு முழங்கால் முட்டத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பல் வைத்தியர் எழுந்து நின்று பேசத்தான் முயன்றார். அவருடைய தலை தொங்குவிளக்கில் இடித்தது. திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தபடியே அவர் சங்கத்தின் வரலாற்றைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். அப்போது ஒரு தாய் இடைமறித்தார்.

"அதெல்லாம் சரி டொக்டர். என்ர ரெண்டு பிள்ளையளும் சங்கத்துக்கு வாறமெண்டா அழுகினம். வந்தா ஒரு மூலையிலை இருந்து எப்ப போறதெண்டு இங்கிலீசிலை கேக்கினம். அதுக்கு என்ன செய்யப் போறீங்கள்?"

பல் வைத்தியர் தமிழ் வகுப்பைப் பற்றிச் சொன்னார். தாய் தலையாட்டினார். அதை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது. பிறகு எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள்.

அவர் சற்று யோசித்தார். "எனக்குத் தெரியேல்லை," என்றார். "என்ர மகளும் அப்பிடித்தான்."

எனக்குப் பக்கத்திலிருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது கேட்டது. எனக்கு முகம் சூடாகியது. ஆனால் அவர் சொன்னது உண்மை.

மலேசிய அக்கா, "பிள்ளைங்க எங்க இப்ப?" என்று கேட்டார். பக்கத்து அறையில் வீடியோ விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து அங்கே போனார். கொஞ்ச நேரம் வரவில்லை. உள்ளேயிருந்து ஒரே சத்தமும் சிரிப்புமாகக் கேட்டது. இங்கே நாங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வடை சாப்பிட்டோம். திரும்பி வந்தபோது அவருடைய முடி கலைந்திருந்தது.

"அவங்களுக்குச் சங்கம் பிடிக்கலன்னு இல்ல லா," என்றார். "அங்க வந்தா மேடைக்கு ஏறு, பாடு, ஆடுன்னு சொல்றாங்களாம். சும்மா வந்து கூட்டாளிங்களோட விளையாட இடம் இல்லையாம். ஒரு பந்து கொடுங்க போதும்னு சொல்றாங்க. முதல்ல வரட்டும். தமிழ் அப்புறம் வரும்."

அவ்வளவுதான் அவர் பேசியது. வாக்கு எண்ணியபோது கிளென் ஈடனில் அவர்தான் முதலாவது. பல் வைத்தியர் இரண்டாவது. என் கணவருக்கு விழுந்த வாக்குகளை எண்ண விரல்கள் போதும்.

காரில் வரும்போது நான்தான் முதலில் வாய் திறந்தேன்.

"தெரியேல்லை எண்டு சொல்லாமல் ஏதாவது சொல்லியிருக்கலாமே."

"தெரியாததுக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்றார். பிறகு, "அந்த மனுசி எழும்பிப் போனதைப் பாத்தீரே? நாங்கள் எல்லாம் பிள்ளையளைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தம். அவ பிள்ளையளோடை கதைச்சவ," என்றார். தோற்றவர் குரலில் அது இல்லை. உண்மையாகவே அவர் வியந்துபோயிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து நான் ஒரு புதுமை பார்த்தேன். வரைபடத்தில் பார்த்ததை என் சொந்தத் தெருவில் பார்த்தேன். கிளென் ஈடன் வாக்குகள் மொத்தத்தில் மிகக் கொஞ்சம். அவை யாரையும் வெல்ல வைக்கவும் போதாது, தோற்க வைக்கவும் போதாது. ஆனால் சான்ட்ரிங்ஹாம் பலசரக்குக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், "ஆரந்த மலேசியாக்காரி? அவ வெண்டுட்டாவாமே?" என்று கதைத்தார்கள். போன கிழமை அவருடைய பெயரே அவர்களுக்குத் தெரியாது. பெயரைக் கேட்டதும் சிலர் அவரைப் பற்றி விசாரித்தார்கள். விசாரித்தவர்களில் சிலருக்குப் பிடித்தது. வேறு சிலர், "அவ கதைக்கிற தமிழ் எங்களுக்கு விளங்குமோ?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களும் அவரைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள், என் கணவரைப் பற்றி இல்லை.

என் கணவருக்காக முன்வந்த நண்பர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் வந்தார்கள். "அண்ணைக்குத்தான் போடுவம். ஆனா வாக்கு வீணாப் போகக்கூடாதெல்லோ?" என்றார் ஒருவர், மிகவும் மரியாதையாக. இன்னொருவர் அடுத்த பொங்கல் விழாவைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டார்.

இதையெல்லாம் ஆய்வுகூடத்தில் என் தோழிக்குச் சொன்னேன். அவள் கையில் இருந்த சோதனைக் குழாய்களை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "உன் கணவருடைய பஸ் வெறுமையாகிறது," என்றாள். "அவர் எப்போது விலகுகிறார்?"

அடுத்த நாள் காலை அவர் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே விலகினார். "நான் விடப்போறன். எனக்கு இது சரிவராது," என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவருக்கு வாக்களிக்கக் காத்திருந்தவள் நான் ஒருத்தியாவது இருந்தேன். சான்ட்ரிங்ஹாம் இன்னும் வாக்களிக்கவே இல்லையே என்றேன். "கலிஃபோர்னியாக் கதை சொன்னது நீர்தானே," என்றார்.

செய்தி பரவிய அன்றே பின்னேரம் பல் வைத்தியர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி பீஜோவாப் பழம், அவர் தோட்டத்தில் காய்த்தது. கொஞ்ச நேரம் பழத்தைப் பற்றிக் கதைத்தார். பிறகு விடயத்துக்கு வந்தார்.

"தம்பி, உம்மட ஆக்களை எனக்குப் போடச் சொல்லும். நாங்கள் ஊர்க்காரர். பிரிஞ்சு நிக்கக்கூடாது."

என் கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "டொக்டர், என்ர ஆக்கள் எண்டு ஒருத்தரும் இல்லை. அவை தங்கட ஆக்கள்."

பல் வைத்தியருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. அவர் பழப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

சான்ட்ரிங்ஹாமில் மண்டபம் நிறைந்திருந்தது. இங்கே மேடை இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது. ஒலிபெருக்கியில் பல் வைத்தியர் வேறு மனிதர் ஆகிவிட்டார். குரல் எழுந்தது, கைதட்டல் எழுந்தது. மலேசிய அக்காவுக்கு ஒலிவாங்கியை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியவில்லை. கிளென் ஈடனில் அவரை வெல்லவைத்த எதுவும் இந்த மண்டபத்தில் உதவவில்லை. அதே இரண்டு வேட்பாளர்கள், அதே கேள்வி, வேறு அறை. அதற்கே முடிவு மாறுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நானும் கணவரும் தனித்தனியாக வாக்குப் போட்டோம். யாருக்குப் போட்டீர் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பல் வைத்தியர் வென்றார். ஆனால் எல்லோரும் நினைத்த அளவுக்கு இல்லை. அவருக்கு விழுந்ததைவிடச் சற்றே குறைவாக அக்காவுக்கும் விழுந்திருந்தது. கிளென் ஈடன் மட்டும் கடைசியில் வந்திருந்தால் அந்த வாக்குகளில் பாதியும் விழுந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இரண்டு இடத்தையும் கூட்டினால் பல் வைத்தியர் கொஞ்சம் முன்னால் நின்றார். முடிவு தகனினியின் கையில்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கடைசி இடம் வெறும் சடங்கு என்றுதான் நினைத்திருந்தேன். என் தோழியும் அப்படித்தான் நினைத்தாள். "கடைசி மாநிலம் முடிவு செய்வதை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. நானும் வருகிறேன்," என்றாள். அவள் வருவதாகச் சொன்னதும், வெளியாள் ஒருவர் வாக்கு எண்ணினால் நல்லது என்று குழு அவளையே எண்ணச் சொல்லிவிட்டது.

மோட்டர்வேயில் தெற்கே போனோம். தகனினியில் வீடுகள் எல்லாம் புதுசு. மரங்கள் இன்னும் இடுப்பளவு. கூட்டம் ஒரு வீட்டின் காராஜில். கார்களை வெளியே எடுத்துவிட்டு, சிமெந்துத் தரையில் கம்பளம் போட்டிருந்தார்கள். நான் அதுவரை சங்கத்தில் பார்த்தேயிராத முகங்கள். யாழ்ப்பாணத்தார் இருந்தார்கள், மலேசியக் குடும்பங்கள் இருந்தன, சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த இளைஞர்கள் இருந்தார்கள். கைக்குழந்தைகள் நிறைய. பல் வைத்தியரை மட்டும் காணவில்லை. அவர் மோட்டர்வேயில் தவறான இடத்தில் இறங்கி, வயல்வெளிகளுக்கும் புதுத் தெருக்களுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருந்தார்.

காத்திருக்கும்போது ஒரு சென்னை இளைஞர் என்னிடம் கேட்டார்: "மத்த ரெண்டு இடத்துலயும் முடிஞ்சுபோச்சு இல்லீங்க? நாங்க போட்டு என்ன ஆகப்போகுது?"

"நீங்கள் போட்டாத்தான் முடியும்," என்றேன்.

"ஆமாவா? நிஜமாவா?" என்றார். உடனே வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களில் ஒருவர் வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு வந்தார்.

பல் வைத்தியர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். வந்ததும் மன்னிப்புக் கேட்டார். அவரை யாரும் கோபிக்கவில்லை. ஆனால் மலேசிய அக்காவை, தங்களுடைய சொந்த ஊர்க்காரியைத்தான் அவர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள்.

"அக்கா, நீங்க தலைவர் ஆனா எல்லாக் கூட்டமும் இங்கயே வைப்பீங்களா?" என்று ஒரு பெண் கேட்டார். ஆம் என்று சொன்னால் அந்தக் காராஜ் முழுக்க அவருக்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

"மாட்டேன் மா," என்றார் அக்கா. "அங்க இருக்கவங்க இவ்ளோ நாள் செஞ்சதைத்தான் நாமளும் செய்யணுமா? ஒரு தடவ அங்க, ஒரு தடவ இங்க, ஒரு தடவ கிளென் ஈடன்ல."

காராஜில் முணுமுணுப்பு எழுந்தது. பின்னால் ஒருவர், "அப்ப எங்களுக்கு என்ன லாபம்?" என்றார். பல் வைத்தியர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

என் தோழி சலவை இயந்திரத்தின் மேல் வாக்குச் சீட்டுகளை வைத்து எண்ணினாள். ஒரு முறை எண்ணினாள். பிறகு முகம் சிவக்க இன்னொரு முறை எண்ணினாள். அக்கா வென்றிருந்தார், தகனினியிலும் மொத்தத்திலும். மொத்தத்தில் வித்தியாசம் பெரிதில்லை. அவருடைய ஊர்க்காரரிலேயே கணிசமான பேர் பல் வைத்தியருக்குப் போட்டிருந்தார்கள்.

பல் வைத்தியர் வந்து அக்காவுக்குக் கை கொடுத்தார்.

"நான் வழி தவறி இந்தப் பக்கமெல்லாம் சுத்தினனான்," என்றார். "இவ்வளவு வீடு வந்திட்டுது. எங்கட ஆக்கள் இவ்வளவு பேர் இஞ்ச இருக்கினமெண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்க வேணும்." பிறகு, "உங்களுக்கு உதவிக்கு ஆள் வேணுமெண்டாச் சொல்லுங்கோ," என்றார். அக்கா அவரை உபதலைவர் ஆக்கினார். அவர்கள் இருவரும் நன்றாகவே நடத்தினார்கள். கிளென் ஈடன்காரர் தனிச் சங்கம் தொடங்கவில்லை. பிள்ளைகளுக்கு மண்டபத்துக்கு வெளியே ஒரு பந்தும் மைதானமும் கிடைத்தன. என் மகள் தமிழ் பேசத் தொடங்கிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருவதற்கு அழவில்லை.

அக்காவின் தவணை முடியும்போது நான் நினைத்தபடியே சண்டை வந்தது. இம்முறை எல்லோருக்கும் முதலிடம் வேண்டும். தகனினிக்காரர் தங்கள் தொகை கூடிவிட்டது என்றார்கள். சான்ட்ரிங்ஹாம்காரர் தாங்கள்தான் மூத்தவர்கள் என்றார்கள். கிளென் ஈடன் விட்டுக்கொடுக்க மறுத்தது. அப்போது அக்கா எழுந்து, மூன்று இடத்திலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வாக்களிப்போம் என்றார்.

நான் எதிர்த்தேன். "அக்கா, அப்பிடிச் செய்தா நிக்கிற ஆக்கள் கிளென் ஈடனுக்குப் போக மாட்டினம். ஆக்கள் கூடின இடத்துக்குத்தான் போவினம். அண்டைக்கு அந்த அறை இல்லாட்டி உங்களை ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"உண்மைதான்," என்றார் அவர். "நான் ஜெயிச்சதே அந்த வரிசையாலதான். அதனாலதான் சொல்றேன். வரிசை மாறியிருந்தா நான் தோத்திருப்பேன். அப்ப ஜனங்க என்னைத் தேர்ந்தெடுத்தாங்களா, வரிசை தேர்ந்தெடுத்துச்சா? அது எனக்குத் தெரியல மா."

குழு அவர் பக்கம் நின்றது. அதற்குப் பிறகு ஒரே நாள்தான். நான் சொன்னதுபோலவே வேட்பாளர்கள் சான்ட்ரிங்ஹாம் மண்டபத்தில் பேசிவிட்டு, மற்ற இரண்டு இடத்துக்கும் ஆளனுப்பினார்கள். அக்கா சொன்னதுபோலவே, யாருடைய வாக்கும் மற்றவருடைய வாக்கைப் பார்த்து விழவில்லை. இரண்டும் நடந்தன. என் தோழியிடம் இதைச் சொன்னபோது, அவள் தன்னுடைய மாநிலத்தின் பக்கம் நின்று நீண்ட நேரம் வாதாடினாள். நான் அக்காவின் பக்கம் நின்று வாதாடிப் பார்த்தேன். அடுத்த நாள் மதியம் இருவரும் பக்கம் மாறி வாதாடினோம்.